காளி விரதத்தில் ஆறு பாக்கெட் சைவ மீன்

மீன் இல்லாத மீனை எதற்காக மீன் மாதிரியே செய்கிறார்கள் என்று என்னிடம் முதலில் கேட்டவர் விமான நிலையத்துச் சுங்க அதிகாரி. என்னிடம் பதில் இல்லை, வியர்வைதான் இருந்தது.

இருபத்தாறு வருடமாகப் பினாங்கில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். அடுத்தவர்களை லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் படிக்கட்டில் போகிற ஆள். பிறந்தது கோயம்புத்தூர், பெண் எடுத்தது தூத்துக்குடி. இந்தப் பயம் எந்த ஊரில் வந்து ஒட்டிக்கொண்டது என்று மட்டும் தெரியவில்லை. அதிகாரி, ஊசி, மீன்முள் மூன்றுக்கும் எனக்கு முழங்கால் ஒரே தாளத்தில் ஆடும்.

தூத்துக்குடியில் இருக்கும் என் மைத்துனன் செல்வம், குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் கட்ட மாலை போட்டிருந்தான். காளி வேஷம். நாற்பத்தோரு நாள் மீன் கிடையாது, கறி கிடையாது, ஒருவேளைச் சோறுதான். பாதி விரதத்தில் அவன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, போன் போட்டான். பினாங்கில் சீனர்கள் கடையில் சைவ மீன் கிடைக்குமாமே, கொஞ்சம் வேண்டும் என்றான். "தம்பிக்கு நாக்கு செத்துப் போயிருக்கும். நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள் அவள். அவளுக்கு லீவு இல்லை. எனக்கு இருந்தது.

ஆறு பாக்கெட் உறைந்த சைவ மீன், ஒரு தெர்மாகோல் பெட்டி, நடுங்கும் நான். எக்ஸ்ரே இயந்திரம் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தது.

"என்ன மீன் இது?"

"மீன் இல்லைங்க சார். சோயாங்க."

அவர் ஒரு பாக்கெட்டைத் தூக்கினார். அதன்மேல் முழு மீன் ஒன்று அலையைக் கிழித்துத் துள்ளிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சீன எழுத்து. விரலால் அமுக்கிப் பார்த்தார். "தோல் இருக்கே?"

"கடற்பாசிங்க சார். மாவுக்கு மேல ஒட்டியிருக்காங்க."

"செதில் மாதிரி கோடு?"

"அச்சுலயே வந்துருங்க."

பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மீன் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. அப்புறம் எதுக்குங்க இந்தப் பாடு? ஒரு கத்திரிக்காயை வதக்கித் தின்னுட்டுப் போகவேண்டியதுதானே?"

பாக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் சைவம் என்று ஆங்கிலத்தில் இருந்ததை விரலால் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார். இவ்வளவு பயப்படுகிறவனை நம்பி யாரும் எதையும் கடத்தமாட்டார்கள் என்று தோன்றியிருக்கும்.

பேருந்தில் இரண்டாவது விசாரணை. பாதி வழியில் பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து பக்கத்து இருக்கை அம்மாளின் காலடிக்குப் போனது. அவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, மீன் தண்ணி ஒழுகுது" என்றார்.

"மீன் இல்லைங்கம்மா."

"மீன் இல்லாம மீன் தண்ணி எங்கன இருந்து வரும்?"

நியாயமான கேள்வி. முன்னாலிருந்து டிரைவர் திரும்பாமலே குரல் கொடுத்தார்: "மீன் வச்சிருக்கவுக படிக்கட்டுப் பக்கம் போயி நில்லுங்க." நின்றேன். அப்படி நின்றதால் ஒரு லாபம், தூத்துக்குடிக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் உப்பளத்தைத் தடையில்லாமல் பார்க்க முடிந்தது. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், அவற்றில் பட்டுத் திரும்பி இரண்டாவது முறையும் முகத்தில் அடிக்கும் வெயில். பினாங்கும் துறைமுக ஊர்தான். ஆனால் அங்கே தினமும் ஒரு மழை வந்து ஊரைத் துடைத்துவிட்டுப் போகும். இங்கே துடைக்க ஆளில்லை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து நின்றன, எங்கள் பேருந்து அவற்றின் பின்னால் முக்கால் மணி நேரம் தவம் கிடந்தது. பெட்டி சொட்டிக்கொண்டே இருந்தது.

செல்வம் நிறுத்தத்துக்கு வந்திருந்தான். சிவப்பு வேட்டி, வெற்றுடம்பு, கழுத்தில் துளசி மாலை, மார்புவரை தாடி. மாலை போட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, சாமி என்றுதான் சொல்லவேண்டும். பதினைந்து வயதில் என் மோட்டார் சைக்கிளைத் திருடிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டவனைச் சாமி என்று கூப்பிட எனக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. "மாப்ளே சாமி" என்று ஒரு சமரசத்துக்கு வந்தேன்.

"வாங்க அத்தான். பெட்டியக் குடுங்க. என்ன இப்படி நனைஞ்சிருக்கீக?"

"வேர்வை" என்றேன். முக்கால்வாசி உண்மை.

அவன் ஏன் மாலை போட்டான் என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் மனைவி வசந்தாவுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஒன்பது நாள் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செல்வம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டான்: இவள் எழுந்துவிட்டால் மூன்று வருடம் காளி வேஷம். பத்தாம் நாள் அவள் எழுந்தாள். இரண்டு வருடம் முடித்துவிட்டான், இது கடைசி. வேஷங்களிலேயே கடுமையான விரதம் காளிக்குத்தான். கடைசி வருடம் பங்கப்பட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் யாரும் வாயால் சொல்வதில்லை. வசந்தாவை ஒருமுறை பார்ப்பார்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மறுநாள் காலை அவன் கடைக்குப் போனேன். ஃபேன்சி ஸ்டோர். கண்ணாடி வளையல், சடைமாட்டி, இந்த மாதத்தில் மட்டும் காளிக் கிரீடம், தகர வாள், துணியில் செய்த நாக்கு. முன்வரிசையில் முத்துமாலைகள். முத்துக் குளித்த ஊர் ஆயிற்றே என்று வெளியூர்க்காரர்கள் இங்கே வந்தால் முத்துதான் கேட்பார்கள். அன்றைக்கும் ஒரு அம்மாள் ஒரு சரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்தபடி, "அசலா?" என்றார்.

"அசலப் போட்டா பஸ்ஸுல முழிச்சுக்கிட்டே போணும்மா" என்றான் செல்வம். "இதப் போட்டா நிம்மதியா தூங்கிட்டுப் போலாம்."

அந்த அம்மாள் சிரித்தபடி இரண்டு சரம் வாங்கிக்கொண்டு போனார். இவ்வளவு நேர்மையாகப் போலி விற்கிறவனை நான் பார்த்ததில்லை. சுங்க அதிகாரியிடம் இவனை அனுப்பியிருக்கலாம்.

மத்தியானம் சமையல். விரத வீட்டில் எல்லாமே புதுசு. புதுச் சட்டி, புதுக் கரண்டி, அடுப்பைக்கூடக் கழுவி மஞ்சள் பூசியிருந்தார்கள். மாலை போட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் மீன் வரவில்லை. வசந்தா மசாலா அரைத்து வைத்திருந்தாள். மிளகாய், மல்லி, சீரகம், கொஞ்சம் புளி, வெங்காயம் பூண்டு இல்லாமல். "நீங்க உக்காருங்கண்ணே, நான் வறுக்குதேன்" என்றாள். நான் விடவில்லை. பினாங்கிலிருந்து கொண்டுவந்தவன் நான், வறுக்கிற பெருமையும் எனக்கே சேரவேண்டும். துண்டுகளில் மசாலா தடவிக் கல்லில் போட்டேன். கடற்பாசித் தோல் சுருங்கிக் கருகியதும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை! மீன் இறங்கும் திரேஸ்புரம் கடற்கரையை மடித்துச் சமையலறைக்குள் கொண்டுவந்த மாதிரி. ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் போன ஒரு சைக்கிள் நின்று, மறுபடி போனது. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

உறைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு குறும்பு தோன்றியது. செல்வமும் வசந்தாவும் எதிரெதிரே தட்டு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒரு துண்டைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகும் தருணத்தில் போட்டோ எடுத்தேன். துளசி மாலை, தாடி, கையில் பொன்னிறத்தில் மீன், எல்லாம் ஒரே சட்டத்துக்குள். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "சாமிக்குச் சுடச்சுட சீலா வறுவல். காளியே கேட்டுவிட்டாளாம்!"

சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று உருகுவதைத்தான் இங்கே சீலா என்கிறார்கள். நகைச்சுவை என்று தெரிவதற்காகக் கடைசியில் சிரிக்கும் முகம் ஒன்று போட எண்ணியிருந்தேன். மறந்துவிட்டேன்.

எங்கள் குடும்பக் குழுவில் இருக்கும் ஒரு சித்தப்பா பையன் செல்வத்தின் தசராக் குழுவிலும் இருந்தான். பத்து நிமிடத்தில் படம் அங்கே போய்விட்டது. செல்வத்தின் போன் அடித்தது. குழுத் தலைவர் ஆறுமுகம் அண்ணாச்சி. ஒலிபெருக்கி போடாமலே குரல் கேட்டது.

"சாமி, போட்டோ பாத்தோம். ஒண்ணும் பேசவேண்டாம். நாளைக்குக் காலையில குடிலுக்கு வாங்க."

செல்வம் தட்டை நகர்த்தி வைத்தான். வசந்தா தன் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நான் அவசரமாகப் போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தேன். அழித்த பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் அழிப்பதற்குப் பதிலாக எனக்கு மட்டும் அழிக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இப்போது உலகத்திலேயே அந்தப் படத்தைப் பார்க்க முடியாத ஒரே ஆள் நான்.

அடுத்த சில மணி நேரம் என் மூளை செய்த வேலைகளை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கே பினாங்குக்குத் திரும்பிவிடலாமா, மாரடைப்பு மாதிரி படுத்துக்கொள்ளலாமா, போன் திருடு போய்விட்டது என்று சொல்லலாமா! மாரடைப்பை ஒத்திகை பார்க்கப்போய் உண்மையாகவே நெஞ்சு படபடத்தது. வசந்தா சீரகத் தண்ணீர் கொடுத்தாள். "அண்ணே, சோயாதானே? போயிச் சொன்னா முடிஞ்சுது. நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குதீக?" ஒன்பது நாள் சாவோடு பேசிவிட்டு வந்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை குடில். தெருமுனையில் ஓலையில் வேய்ந்த பந்தல். உள்ளே அம்மன் படம், கலசம், மூலையில் கட்டிவைத்த மேளங்கள். எட்டுப் பேர் சிவப்பு வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொடியேறிக் காப்புக் கட்டியதும் இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொருவராக மாறிவிடுவார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர் குரங்கு. டிரெய்லர் ஓட்டுகிறவர் குறத்தி. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஆறுமுகம் அண்ணாச்சி வருடாவருடம் பிச்சைக்காரர், தன் கடை வாசலிலேயே போய்த் தட்டேந்தி நிற்பார். ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

மிச்சமிருந்த வறுவலை ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தோம். நடுவில் வைத்தேன். எட்டுப் பேரும் அரையடி பின்னால் நகர்ந்தார்கள்.

"இது மீன் இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். மூன்று நாளில் இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். "சோயா மாவுங்க. ஒரு துண்டு வாயில போட்டீங்கன்னாத் தெரிஞ்சுரும்."

"எப்படிப் போட?" என்றார் குரங்கு. "மீனா இருந்தா எங்க விரதமும்லா போச்சு?"

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. அது மீன் இல்லை என்பதற்கு ருசிதான் சாட்சி. ருசி பார்க்கத் தெரிந்த அத்தனை நாக்கும் மாலைக்குள் இருந்தது.

"நான் வேணா சாப்பிட்டுக் காட்டறேனுங்க."

"நீரு கொண்டாந்தவரு. நீரே சாட்சி சொன்னா செல்லுமா?" என்றார் அண்ணாச்சி. குறத்தி சேர்த்துக்கொண்டார்: "கோயமுத்தூர்க்காரருக்கு மீன் ருசி என்னவே தெரியும்? சாளை மீனத் தலையில இருந்து திங்கணுமா வாலுல இருந்து திங்கணுமான்னு கேக்கிற ஆளுக."

அவமானம்தான். ஆனால் உண்மை.

கடைசியில் அண்ணாச்சியே வழி சொன்னார். அந்தத் தெருவில் மீன் விற்கிற ஜெபராணி அக்காவைக் கூப்பிட்டார்கள். அறுபது வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, விரத மாதம் பாதி வியாபாரத்தைத் தின்றுவிட்ட எரிச்சல் முகத்தில். மீன் கூடையை நான்கு வீடு தள்ளி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, பந்தலுக்கு வெளியிலேயே நின்றாள். டப்பாவை நான் நீட்டினேன்.

முதலில் மோந்து பார்த்தாள். புருவம் ஏறியது. "பாசி வாசம் நல்லாத்தான் வருது" என்றாள். துண்டைக் குறுக்கே பிய்த்தாள், நீளவாக்கில் பிய்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். எட்டுச் சாமிகளும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீனுன்னா ஏடு ஏடாக் கழறும். இது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கு. முள்ளு இல்ல. நடுவுல ரத்தக்கோடு இல்ல. மாவுதாம்ல. சுத்த மாவு." துப்புவாள் என்று எதிர்பார்த்தேன், விழுங்கிவிட்டாள். "மோசமில்ல. ஆனா இதப் போயி சீலான்னு எழுதுனது யாருல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கடல்ல போற எம் மவன் காதுல விழுந்துச்சுன்னா ஒம்ம வலையில போட்டு உருட்டிருவான்" என்றாள்.

செல்வம் மூச்சு விட்டான். அண்ணாச்சி விடவில்லை. "முட்டை கிட்டை கலந்திருக்கா? அதுக்கு என்ன சாட்சி?"

பாக்கெட்டில் பின்பக்கம் முழுக்கச் சீனம். எனக்குச் சீனம் தெரியாது. பினாங்குக் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். அவர் சீனத்தி, எழுபது வயது, என்னோடு மலாயில்தான் பேசுவார். அவர் சொல்லச்சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"முட்டை இல்லை, பால் இல்லை. வெங்காயம் பூண்டும் இல்லை. புத்த கோயிலுக்குப் போடுகிற சரக்கு. வெங்காயம் இருந்தால் பிக்குகள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

சாமிகளிடையே ஒரு முணுமுணுப்பு. தங்களைவிடக் கடுமையான விரதக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"அந்தம்மாட்ட இன்னொண்ணு கேளும்" என்றார் அண்ணாச்சி. "மீனு வேண்டாம்னு விட்டாச்சு. பெறவு எதுக்கு மீனு மாதிரியே செஞ்சு திங்கணும்?"

சுங்க அதிகாரியின் கேள்வி. கேட்டேன். கடைக்காரம்மா அந்தப் பக்கம் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்கள் புது வருட விருந்தில் மேஜை நடுவில் ஒரு மீன் இருந்தாக வேண்டும். மீன் இல்லாவிட்டால் அது விருந்தே இல்லை. என் அம்மா நாற்பது வயதில் மாமிசத்தை விட்டுவிட்டாள். அதற்காக அவளை வேறு மேஜையில் உட்காரச் சொல்வதா? அம்மா பக்கத்தில் இந்த மீனை வைத்தோம். எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம்."

ஜெபராணி அக்கா தலையாட்டினாள். "சரியாத்தான சொல்லுதா. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்துல எம் புருசன் குடிக்கமாட்டான். ஆனா கூட்டாளியோட உக்காந்து, அதே கிளாஸுல கலரு சோடாவ ஊத்திக் குடிப்பான். கூட்டம் விட்டுப்போவக் கூடாதுல்லா?"

"அது விருந்து. இது விரதம்" என்றார் அண்ணாச்சி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "வாய் மீன விட்டுட்டு மனசு மீனப் புடிச்சுக்கிட்டிருந்தா அது என்ன விரதம்? மீன நெனச்சுக்கிட்டு மாவத் தின்னா, மீனத் தின்னதுக்குச் சமம்தான்."

"அப்ப நீரு பிச்சைக்கார வேசம் போடுதது?" என்று மடக்கினாள் ஜெபராணி. "நீரு பிச்சைக்காரரா ஆயிட்டீரா?"

"அந்த வேசம் என் திமிரக் குறைக்கதுக்கு அக்கா. இது நாக்க வளக்கதுக்கு."

நல்ல பதில். இப்படிப்பட்ட நேரங்களில் ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பிப்பது என் வழக்கம், ஆனால் இந்த வம்பே என் நகைச்சுவையில் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். காளிக் கிரீடம் இந்த வருடம் இன்னொருவர் தலைக்குப் போகும் என்பது எட்டு முகத்திலும் எழுதியிருந்தது.

செல்வம் அப்போதுதான் பேசினான். "அண்ணாச்சி, நான் ரெண்டு துண்டு தின்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு மீன் நெனப்பு வரல. அவ திங்காளான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"யாரு?"

செல்வம் தெருப்பக்கம் பார்த்தான். வசந்தா எங்கள் பின்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"இவுக மேல தப்பில்ல அண்ணாச்சி. அத எனக்காகத்தான் கேட்டு வாங்கினாக. காய்ச்சலுக்குப் பெறவு எனக்கு மீனு இல்லாம சோறு எறங்கல. மாலை போட்ட வீட்டுல மீனுச் சட்டி ஏத்த முடியுமா? அடுத்த வீட்டுல போயித் திங்க வெக்கம். ரெண்டு வருசமும் இந்த மாசத்துல தின்னாச்சு தின்னாச்சுன்னு பொய் சொல்லிச் சோத்த நாய்க்குப் போட்டேன். இந்த வருசம் கண்டுபுடிச்சுட்டாக."

நான் அவள் கழுத்தெலும்பைப் பார்த்தேன். வந்த நாளே பார்த்திருந்தேன். பழைய காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்துவிட்டு என் நெஞ்சுத் துடிப்பை எண்ணப் போய்விட்டேன்.

"சோயாவ உருண்டையாவும் போட்டுப் பாத்தாச்சு அண்ணாச்சி" என்றாள் வசந்தா. "நம்ம ஊருலதான் மீல்மேக்கர் கெடக்கே. கை போவல. தட்டுல மீன் உருவத்துல ஒண்ணு கெடந்தா கை தன்னால சோத்தப் பெசையுது. என் மனசுக்கு அது மாவுன்னு தெரியும். கைக்குத் தெரியல. தெரியாமலே இருந்துட்டுப் போட்டும்."

"இவ உசுருக்குத்தான மாலை போட்டேன்" என்றான் செல்வம். "மாலை போட்ட மாசமெல்லாம் இவ தேஞ்சுக்கிட்டு வந்தா, அம்மா எத ஏத்துக்கிடுவா? தனியாத் திங்கமாட்டேன்னா. அதான் கூட உக்காந்தேன்."

ஆறுமுகம் அண்ணாச்சி தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் அம்மன் படத்தையே பார்த்தார். அங்கிருந்து பதில் வந்ததா, அவராகவே எடுத்துக்கொண்டாரா தெரியாது. எழுந்தார்.

"சாமி, கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க. வேசம் ஒங்களுக்குத்தான்." பிறகு வசந்தாவிடம், "ஏளா, நீ ஒழுங்காத் தின்னு. அவரு ஒன் பக்கத்துல உக்காரட்டும். தட்டுல ஒரு துண்டு வச்சுக்கிடட்டும். திங்கதும் திங்காததும் அவரு மனசு."

நான் பெருமூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"நீரும் முழுக்குப் போடும்" என்று என்னைக் காட்டினார். "போட்டோ போட்டதுக்கு."

கடலும் எனக்குப் பயம் என்பதை மேலே உள்ள பட்டியலில் சேர்க்க விட்டுப்போயிற்று. எட்டுச் சாமிகள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க, மைத்துனன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து எழுந்தேன். "தலை நனையல" என்றார் குறத்தி. மறுபடி உட்கார்ந்தேன். அலை வந்து மூக்குக்குள் போனது. எழுந்த பிறகுதான் சட்டைப் பையில் போன் இருப்பது நினைவு வந்தது. கரையில் மேளம் இல்லாத குறைதான், அவ்வளவு உற்சாகம்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி என்னைத் தனியே ஒதுக்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். "எத்தனை பாக்கெட்டு மிச்சம் இருக்கு?"

"அஞ்சுங்க."

"எங்க வீட்டுலயும் இந்த மாசம் மோரும் ஊறுகாயுந்தான் ஓடுது. கேட்டா எம் பொண்டாட்டி பசியில்லங்கா. நான் முப்பது வருசமா நம்பிக்கிட்டிருக்கேன்." சற்று நிறுத்தினார். "ஒரு பாக்கெட்டு குடுத்தீர்னா... எப்படி வறுக்கணும்னு அவகிட்ட நீரே சொல்லிரும். நான் கேட்டேன்னு சொல்லவேண்டாம்."

நான்காம் நாள் எனக்குத் திரும்பப் பயணம். மத்தியானம் ஒரே பாயில் உட்கார்ந்தோம். இந்த முறை வசந்தாவே வறுத்தாள், நான் கரண்டியைத் தொடவில்லை. பச்சரிசிச் சோறு, பாசிப்பயற்றுக் குழம்பு, நான்கு துண்டு வறுவல். செல்வம் தன் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு வெறும் சோற்றைப் பிசைந்தான். வசந்தா முதல் துண்டைப் பிய்த்தாள். முள் எடுப்பதுபோல விரலால் ஒருமுறை தடவினாள், இல்லாத முள்ளை ஓரமாக வைத்தாள், சோற்றோடு சேர்த்து உருட்டி வாயில் போட்டாள். செல்வம் பார்க்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அப்படியே.

தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது துண்டு முடிந்தது, மூன்றாவது முடிந்தது. செல்வம் தன் தட்டிலிருந்த துண்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான். அவள் அதை எடுத்துக்கொண்டு, தட்டைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அண்ணே, அந்தச் சோத்துப் பானைய இங்கன தள்ளுங்க."